பாறையில் ஒட்டிய பூ

இரவு முழுவதும் மழை கொட்டி ஓய்ந்த ஒரு காலையில், இலைக்கு இலை நீர் சொட்டிக்கொண்டிருந்த மலைக்காட்டுக்குள், ஒரு மனிதர் பூவொன்றின் மேல் ஸ்ப்ரே போத்தலால் தண்ணீர் அடித்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். "அசல் பனித்துளி மாதிரி வரும், பாருங்க" என்று பக்கத்தில் நின்ற எங்களுக்கு விளக்கமும் சொன்னார். அவருடைய முழங்கைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பூவில் அசல் துளி தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அது அவர் அடித்த துளி இல்லையே.

அவர்தான் எங்கள் குழுவின் தலைவர். சண்டைக்காலத்தில் சுவிஸுக்குப் போய், அங்கேயே உழைத்து, ஓய்வூதியம் வந்த பிறகு ஊர் திரும்பி, வாவியைப் பார்த்தபடி மாடிவீடு கட்டியவர். கைக்குழந்தையை ஏந்தித் திரிவதுபோல ஒரு நீட்டு லென்ஸை ஏந்திக்கொண்டு திரிவார். எல்லோரும் அவரை 'சேர்' என்பார்கள். நானும் என் தோழியும் மட்டும் முதுகுக்குப் பின்னால் 'சுவிஸ்காரர்' என்போம். ஏனென்றால் எந்த மலையைக் காட்டினாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது சுவிஸ்தான்.

"இதெல்லாம் ஒரு மலையா தங்கச்சி? சுவிஸில எண்டா இத மேடு எண்டுதான் சொல்லுவானுகள்."

மேடு என்று சொல்லிவிட்டு அந்த மேட்டில் பாதி ஏறுமுன் நாலு தரம் உட்காருவார்.

அப்படிப்பட்டவரோடு நான் ஏன் போனேன் என்று கேட்கலாம். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. நான் மட்டக்களப்பு நகரில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். வீடு செட்டிபாளையத்தில். பகல் முழுவதும் மற்றவர்களுடைய இருமலையும் மூட்டுவலியையும் கேட்டுக்கொண்டு குளிசை எண்ணுகிறவளுக்கு, பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நேரத்தில் வாய்க்கால் ஓரத்துப் பூக்களைப் போனில் பிடிப்பது ஒரு ஆறுதலாகத் தொடங்கியது. பிறகு அண்ணன் தன் பழைய கமராவைத் தந்தான். வாய்க்கால் ஓரம் போதாமல் போனது. காட்டுக்குள், பாறைகளில், மலைச்சரிவுகளில் என்ன பூக்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. ஆனால் எங்கள் பக்கத்துக் காட்டுக்குள் ஒரு பெண் கமராவோடு தனியாகப் போக முடியாது. யானை இருக்கிறது, யானையைவிடத் தொல்லையான கேள்விகளும் இருக்கின்றன.

என் கணவர் மின்சார வேலை செய்கிறவர். தேவையில்லாமல் பேசமாட்டார். அவரிடம் சொன்னபோது, "யானை துரத்தினா நீ முதல்ல கமராவத் தூக்குவியா, காலத் தூக்குவியா?" என்று மட்டும் கேட்டார். குழுவாகப் போவதென்றால் தனக்குச் சரி என்றார். அந்த நேரத்தில்தான் ஏறாவூரில் இருக்கும் என் தோழி, "எங்கட பக்கத்துல பூப்படம் புடிக்கிற கூட்டமொண்டு இரிக்கி புள்ள, சேருவமா?" என்று கேட்டாள். அவள் விஞ்ஞான ஆசிரியை. உயர்தரம் படித்த காலத்தில் ஒரே டியூசன் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் நாங்கள். சேர்ந்தோம்.

குழுவென்றால் பத்துப் பதினைந்து பேர். வங்கியில் இருப்பவர், மாவட்டக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருப்பவர், கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர், எதற்கு வருகிறோம் என்று தங்களுக்கே தெரியாத சிலர். இவர்களுக்குப் பூ பிடிக்கும் என்று நானும் முதலில் நம்பினேன். ஒரு பயணத்திலேயே அந்த நம்பிக்கை போய்விட்டது. இவர்களுக்குப் பிடித்தது பூவின் படத்தின் மூலையில் தங்கள் பெயரைப் போடுவது. சிலருடைய படத்தில் பூவைவிடப் பெயர் பெரிது. பூவுக்குப் பெயர் கேட்டால் 'காட்டுப்பூ' என்பார்கள். தங்கள் பெயரை மட்டும் மூன்று நிறத்தில், நிழல் விழுத்தி எழுதுவார்கள்.

அந்த ஸ்ப்ரே போத்தல் கூத்து நடந்தது மலைநாட்டுப் பயணத்தில். அங்கே சரிவு முழுவதும் ஊதா நிறத்தில் குறிஞ்சி வகை ஒன்று பூத்திருந்தது. வாகனத்திலிருந்து இறங்கியதும் எங்கள் ஆட்கள் செய்த முதல் வேலை அதற்குள் புகுந்து நின்று தங்களைத் தாங்களே படம் எடுத்ததுதான். கூடாரம் அடிக்கவும் அந்தச் சரிவில் பூ அடர்ந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள். "மெத்தை மாதிரி இருக்கும்" என்றார் வங்கிக்காரர். மறுநாள் கூடாரத்தைச் சுருட்டியபோது கீழே நான்கு மூலையும் சரியாக ஒரு சதுரம், அரைத்து வைத்த கீரை போலக் கிடந்தது. அதையும் ஒருவர் படம் எடுத்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு அட்டை கடித்தது எங்கள் இருவரையும்தான். மற்றவர்களை அட்டைகூடத் தொடவில்லை.

"நாம இனி வாறல்ல" என்று திரும்பி வரும்போது சொன்னேன்.

"எல்லாரையும் விட்டுட்டு நாம ரெண்டு பேரும் எங்க கா போற? ஆனைக்கிட்டயா?" என்றாள் தோழி. அவள் சொன்னது நியாயம். அடுத்த பயணத்துக்கும் பெயர் கொடுத்தோம்.

அடுத்த பயணம் நம் பக்கத்திலேயே. கரடியனாற்றைத் தாண்டி மேற்கே போனால் வயல்வட்டைகள் முடிந்து காடு தொடங்கும். காட்டுக்கு நடுவே அங்கங்கே மொட்டைப் பாறைமலைகள் எழும்பி நிற்கும். அதில் ஒன்றுக்குப் போனோம். மலையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த மழைக்குள் ஒரு பஸ் நிறைய ஆட்கள் கூடாரத்தோடு போய் இறங்குவார்கள்.

ஐப்பசி கடைசி. முதல் மழை விழுந்து வட்டைகளில் விதைப்பு முடிந்திருந்தது. வழியெல்லாம் ஈரமண் வாசம். அனுமதி எடுத்து, உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிக் குலுங்கிக் குலுங்கி மலையடிக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கூடாரம் அடித்தோம். சுவிஸ்காரர் தன் கூடாரம் எந்தக் குளிருக்கும் தாங்கும் என்று எல்லோருக்கும் சொன்னார். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அந்தக் கூடாரத்துக்குள் படுத்துவிட்டுக் காலையில் வேகவைத்த கிழங்குபோல வெளியே வந்தார்.

ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு மலையேறப் புறப்பட்டபோதுதான் அந்தக் கொடியைக் கண்டோம். மலையடிப் பற்றைக்குள், ஒரு பழைய முள்ளுக்கம்பி வேலியைப் பற்றிக்கொண்டு கார்த்திகைப் பூ பூத்திருந்தது. காந்தள் என்று பாடப்புத்தகத்தில் படித்த அதே பூ. அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக, இதழ்கள் மேல்நோக்கி வளைந்து, நெருப்பு எரிகிறதுபோல இருந்தது. எங்கள் ஊரில் இதொன்றும் அதிசயமில்லை. மழை தொடங்கினால் வேலிக்கு வேலி வரும். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் பார்த்தவுடன் நின்றுவிடத்தான் தோன்றும். நின்றோம்.

வெளியூர் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போர்க்காலத்தில், தனிநாடு கேட்டுப் போராடிய இயக்கம் இந்தப் பூவைத் தங்கள் பூவாக வைத்திருந்தது. அதனால் இன்றைக்கும் இந்தப் பூவின் படத்தைக் கண்டால் சிலர் கண்கலங்குவார்கள், சிலர் விசாரிக்க வருவார்கள். பூவுக்கு இரண்டும் தெரியாது.

நான் குந்தியிருந்து படம் எடுத்தேன். முன்னால் மறைத்த ஒரு புல்லைத் தோழி விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் எழும்பியதும் சுவிஸ்காரர் வந்தார். பூவைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"பின்னணி சரியில்ல. வேலியும் கம்பியும். இந்தப் பூவுக்கு இதா இடம்?"

சொல்லிக்கொண்டே கொடியை நுனியோடு ஒடித்தார். ஒடித்ததில் நல்லதாக இரண்டு பூவும் ஒரு மொட்டும் இருந்தன.

"சேர், என்ன செய்யிறீங்க?" என்றேன்.

"மேல கொண்டுபோவம் தங்கச்சி. மேல வெளிச்சம் நல்லாக் கிடக்கும்."

"மேல இது முளைக்காது சேர். வெறும் பாறை."

"அதுதானே விசேஷம்" என்றார்.

அவர் சொன்னதன் அர்த்தம் அப்போது எனக்கு விளங்கவில்லை. "இது நஞ்சுச் செடி, கையக் கழுவுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் மாதாமாதம் என்னிடம் வாங்கும் மூட்டுக் குளிசைக்கு மருந்து எடுப்பதே இந்த வகைக் கிழங்கிலிருந்துதான். அளவு மிஞ்சினால் ஆளைக் கொல்லும். அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு ஒரு பணிஸைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

மேலே ஏறிப் போனதும் நான் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். மொட்டைப் பாறை என்று தூரத்தில் இருந்து பார்க்கிறவர்கள் சொல்வார்கள். மழை விழுந்த பிறகு அந்தப் பாறையில் நீர் கசிந்து கசிந்து ஓடும் இடங்களில் மெல்லிய பாசி படர்ந்திருக்கும். அந்தப் பாசிக்குள், நகத்துப் பிறை அளவில் ஊதாப் பூக்கள், நூல் போன்ற தண்டில், ஆயிரக்கணக்கில். நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஏதோ கறைபோலத் தெரியும். வயிற்றில் படுத்து, கன்னத்தைப் பாறையில் வைத்துப் பார்த்தால்தான் ஒவ்வொரு பூவுக்கும் ஒரு சின்ன வால் இருப்பதும் நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு இருப்பதும் தெரியும். இந்தச் செடி தண்ணீருக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் என்று தோழி சொன்னாள். அவளும் என் பக்கத்தில் படுத்துவிட்டாள். இரண்டு நடுவயதுப் பெண்கள் நனைந்த பாறையில் குப்புறக் கிடந்த காட்சியைக் கண்டு கல்யாண வீட்டுப் படக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். அன்றைக்கு நான் எடுத்த படங்களைப்போல அதற்கு முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை.

அப்படிப் படுத்துக்கிடந்தபோது என் லென்ஸுக்குள் ஒரு சப்பாத்துக் கால் வந்து இறங்கியது. நான் குறிவைத்திருந்த பூக்களின் மேலேயே இறங்கியது.

நிமிர்ந்து பார்த்தேன். சுவிஸ்காரர். அவருக்குப் பின்னால் குழு முழுவதும். எல்லாச் சப்பாத்துகளும் அந்தப் பாசியிலேயே நின்றன. நடுவில் பாறையில் ஒரு வெடிப்பு இருந்தது. அவர் வாயில் மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தை எடுத்தார், உருட்டினார், வெடிப்புக்குள் வைத்து அமுக்கினார், ஒடித்துக் கொண்டுவந்த கொடியை அதில் குத்தினார். கொடி சாய்ந்தது. வங்கிக்காரரிடமும் சூயிங்கம் வாங்கிச் சேர்த்து அமுக்கினார். இந்தத் தடவை நின்றது. பிறகு ஸ்ப்ரே போத்தல்.

"ஆ, இப்ப பாருங்க!" என்றார். பின்னால் காடும், காட்டுக்கு அப்பால் வட்டைகளும், வானம் முடிகிற இடத்தில் வெள்ளிக்கம்பி போல வாவியும் தெரிந்தன. மொட்டைப் பாறையைப் பிளந்துகொண்டு கார்த்திகைப் பூ எழுந்து நிற்கிறது. குழு முழுவதும் வரிசையாக நின்று அதைப் படம் எடுத்தது.

"சேர், நீங்க பூவுக்கு மேல நிக்கிறீங்க" என்றேன்.

"எந்தப் பூ?"

"காலுக்குக் கீழ."

குனிந்து பார்த்தார். "இதப் பூவெண்டு ஆர் தங்கச்சி பார்க்கப்போறாங்க?" என்றார். ஆனால் நல்ல மனிதர்போலக் காலை மட்டும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பக்கத்திலும் பூதான்.

பாறையில் உண்மையாகவே பூத்திருந்த பூக்களின் மேல் ஏறி நின்றுகொண்டு, பாறையில் ஒருநாளும் பூக்காத ஒரு பூவை எச்சில் சூயிங்கத்தில் ஒட்டி வைத்துப் படம் எடுத்தார்கள். இதை நான் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பாசியிலிருந்து எழுந்து, சட்டையில் ஒட்டிய ஈரத்தைத் தட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கீழே இறங்கிவிட்டேன். தோழி பின்னால் ஓடிவந்தாள். "கோவத்துல வழுக்கி விழுந்திராத புள்ள" என்று வழி முழுவதும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சுவிஸ்காரரின் படம் மறுநாளே பேஸ்புக்கில் ஏறியது. கீழே, 'பாறையைப் பிளந்தும் பூப்போம்' என்று ஒரு வரி. அவருக்கு அங்கே, சுவிஸிலும் கனடாவிலும், நிறைய ஆட்கள். படம் பறந்தது. நெஞ்சு நிமிர்ந்ததாக எழுதினார்கள், கண்ணீர் வந்ததாக எழுதினார்கள். ஒருவர் நீளமாக ஒரு கவிதையே எழுதியிருந்தார். இந்தப் பூ எந்தக் கல்லையும் துளைக்கும் வேர் கொண்டது என்று இன்னொருவர் தாவரவியல் சொன்னார். சுவிஸ்காரர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். பல மணி நேரம் ஏறிப்போய் இந்தப் பூவைத் தேடிக் கண்டுபிடித்ததாகவும், கண்டதும் தன் கால்கள் நடுங்கியதாகவும் ஒரு பதிலில் எழுதினார். கால் நடுங்கியது உண்மை. ஏறிய களைப்பு.

நகரத்தில் நடந்த ஒரு சிறிய கண்காட்சியிலும் அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தொங்கவிட்டார்கள். நானும் போனேன். என்னுடைய ஊதாப் பூப் படமும் ஒரு மூலையில், கழிவறைக்குப் போகும் வழியில் தொங்கியது. அவர் படத்தைப் பெரிதாக்கியதால் வந்த வினை, கொடியின் அடியில் வெள்ளையாக ஒரு உருண்டை தெரிந்தது. சுவிஸ்காரர் யாரோ ஒரு அதிதிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய்க் காதுக்குள், "சேர், சூயிங்கம் தெரியுது" என்றேன். அவர் சிரித்த முகம் மாறாமல் அதிதியிடம், "பாறையில ஊறுற சுண்ணாம்பு" என்றார். என்னால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

ஒரு கிழமை போகவில்லை. காலையில் கடையைத் திறக்கும்போது போன் அடித்தது. சுவிஸ்காரர். மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, அந்தப் பூப்படம் உங்கட போன்ல இருந்தா அழிச்சிருங்க. வாட்ஸ்அப்ல இருந்தும் அழிச்சிருங்க. நான் எல்லாத்தையும் எடுத்திட்டன்."

"ஏன் சேர்?"

"கூப்பிட்டிருக்கானுகள்."

அவரை மட்டுமல்ல. மலையில் எடுத்த கூட்டப் படத்தில் பூவுக்கு அருகில் தெரிந்த சிலரையும் விசாரிக்க வேண்டும் என்று பொலிஸிலிருந்து அழைப்பு வந்தது. நான் படத்தின் ஓரத்தில், எழும்பிப் போகும் கோலத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். அதுவும் போதுமாக இருந்தது. பயமில்லை என்று சொன்னால் பொய். எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு 'கூப்பிட்டிருக்கிறார்கள்' என்ற சொல்லின் கனம் தெரியும். கணவர் வேலைக்கு லீவு போட்டு மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நின்றார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார்.

உள்ளே ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு அதிகாரி. மரியாதையான மனிதர். பிளேன்ரீ கொடுத்தார். தமிழைப் பிந்திக் கற்றுக்கொண்டவர் என்று பேச்சில் தெரிந்தது. மேசையில் அந்தப் படம் அச்செடுத்துக் கிடந்தது. சுவிஸ்காரர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை.

"இந்தப் பூ மலைக்கு மேல எப்படி வந்தது?" என்று அதிகாரி கேட்டார்.

சுவிஸ்காரர் எழுந்து நின்றார். "சேர், அது பூ இல்ல சேர். பிளாஸ்டிக்."

அவர் பைக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் பூவை எடுத்து மேசையில் வைத்தார். கடைகளில் தொங்கும் சிவப்பு லில்லி. இதழ்களின் அடியில் மஞ்சள் மையால் தீட்டியிருந்தது. வீட்டிலிருந்து அவரே தீட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். மை இன்னும் சரியாகக் காயவில்லை. அவர் பெருவிரலிலும் மஞ்சள்.

"இதத்தான் வச்சுப் படம் எடுத்தம் சேர். சும்மா, வடிவுக்கு."

அதிகாரி பிளாஸ்டிக் பூவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மிஸ், நீங்க சொல்லுங்க. இது பிளாஸ்டிக் பூவா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அரை மணியில் வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த மஞ்சள் மை என் கண்ணை விட்டுப் போகவில்லை. வேலியில் தன்பாட்டில் பூத்திருந்ததை ஒடித்தார், சூயிங்கத்தில் ஒட்டினார், அதை வைத்து உலகம் முழுவதும் கைதட்டல் வாங்கினார். அது ஒரு பூவாக இருந்தது என்பதையாவது விட்டுவைக்கக் கூடாதா? பயத்தைவிட அருவருப்பு முந்திக்கொண்டது.

"இல்ல. அது பூதான்" என்றேன்.

சுவிஸ்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"எங்க புடுங்கினது?"

"மலையடி வேலியில. இது எல்லா வேலியிலயும் பூக்கிற பூ சேர். நாங்க நட்டு வளர்க்கிறதில்ல, மழைக்குத் தன்பாட்டுல வரும். உங்கட முன்வேலியிலயும் இப்ப பூத்துக் கிடக்கு. வரக்குள்ள பார்த்தன்."

அதிகாரி எழுந்து யன்னலடிக்குப் போனார். அங்கே முள்ளுக்கம்பிச் சுருளில், காவலுக்கு நின்றவரின் தோளுக்குப் பக்கத்தில், நாலைந்து பூக்கள் நெருப்பாக எரிந்துகொண்டிருந்தன. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பா சலிப்பா என்று தெரியவில்லை.

"போங்க" என்றார். "இனி மலைக்குப் போனா குரங்கப் படம் எடுங்க." பிறகு பிளாஸ்டிக் பூவைத் தூக்கிச் சுவிஸ்காரரிடம் நீட்டினார். "இதையும் கொண்டுபோங்க."

மறுநாள் பஸ்ஸில் அந்த வழியால் போனபோது எட்டிப் பார்த்தேன். முள்ளுக்கம்பி வெறுமையாக இருந்தது. கொடியை அடியோடு வெட்டி இழுத்துப் போட்டிருந்தார்கள். மதிலடியில் இலைகள் வாடிக் கிடந்தன. தோழியிடம் சொன்னபோது, "நீ வாயத் தொறந்தா பூவும் தப்பாது புள்ள" என்றாள். சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிக்க இரண்டு நாள் பிடித்தது.

சுவிஸ்காரர் அடுத்த மாதம் மூட்டுக் குளிசைக்கு வந்தார். வேறு கடைக்குப் போவார் என்றுதான் நினைத்தேன். கடையில் வேறு யாரும் இல்லை. காசுக்குப் பையைத் துழாவிக்கொண்டே, முகத்தைப் பாராமல் பேசினார்.

"ஏன் தங்கச்சி அப்பிடிச் சொன்னீங்க? நான் கெஞ்சாத குறையா நிண்டன்."

"உள்ளதத்தான் சொன்னன் சேர். பூவப் பிளாஸ்டிக் எண்டு சொல்லுறதுக்கு உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

"பயம்" என்றார். வேறொன்றும் சொல்லமாட்டார் என்று நினைத்தபோது தொடர்ந்தார். "என்ட அண்ணனையும் இப்பிடித்தான் சும்மா விசாரிக்க எண்டு கூப்பிட்டானுகள். அம்மா சோறு போட்டு மூடி வச்சிருந்தா. அதுக்குப் பிறகுதான் நான் சுவிஸுக்குப் போனது."

குளிசையைக் கொடுத்து, ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் போடவேண்டாம் என்றேன். அது ஒவ்வொரு மாதமும் சொல்கிறதுதான். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று முழுவதும் அந்த மூடி வைத்த சோறு என் நினைப்பில் இருந்தது. அந்த அறையில் அவர் பட்ட பயத்துக்காக இப்போது நான் அவரைக் குறைசொல்வதில்லை. அண்ணனைப் பறிகொடுத்த ஒருவர் அந்தப் பூவை ஒரு படத்துக்காக ஒடித்தது மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. நான் கேட்கவில்லை.

குழு கலையவில்லை. அப்படிப்பட்ட குழுக்கள் கலைவதில்லை. வங்கிக்காரர் தலைவரானார். இப்போது தாமரையும் அல்லியுமாகப் போடுகிறார்கள். யாருக்கும் பிரச்சினை இல்லாத பூக்கள் என்று அறிவித்தல் வேறு. தைக்குப் பிறகு மலைநாட்டுக்கு மறுபடியும் போகிறார்களாம், வாங்கோ என்று செய்தி அனுப்பினார்கள். நான் பதில் போடவில்லை. தோழி மட்டும் 'வாழ்த்துக்கள்' என்று எழுதி ஒரு பிளாஸ்டிக் பூப்படம் போட்டாள். சாதாரணப் பூவா, கேலியா என்று அவர்களுக்கு விளங்கியிருக்காது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் போகிறோம். என் கணவர் ஆட்டோ பிடித்துக்கொண்டு கூட வருவார். மலை என்று சொல்ல முடியாத சின்னப் பாறைகள், குளக்கட்டுகள், மணல் மேடுகள். அவர் ஆட்டோவுக்குள் காலை நீட்டிப் படுத்துவிடுவார். போன மாதம் ஒரு மணல் திட்டில், சிவப்பாக, நாணயத்தைவிடச் சிறியதாக, இலையெல்லாம் பசைத்துளியோடு ஒரு செடி கண்டோம். அதன் நடுவில் மயிர்போல ஒரு தண்டு, நுனியில் வெள்ளையாக ஒரே ஒரு பூ. நானும் அவளும் மணலில் படுத்து, காற்று நிற்கும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். கணவர் தூக்கம் கலைந்து வந்து பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்த?"

"நிழல் விழுது, தள்ளி நில்லுங்க" என்றேன்.

அவர் தள்ளி நின்றார். காலை எங்கே வைக்கிறோம் என்று குனிந்து பார்த்துத்தான் வைத்தார்.